ஏழு மில்லிமீட்டர்

தம்பியின் மேல் பிடித்த தீ அணைந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் அண்ணன்காரன் லேசர் இயந்திர ஆப்பரேட்டரின் வலது கையை வெட்டு மேசையின் இரும்பு விளிம்பில் வைத்து அழுத்தி, ஸ்பேனரால் ஓங்கி அடித்து மூன்று விரல்களை உடைத்துவிட்டான். சுற்றிலும் இருபது பேர் நின்றிருந்தார்கள். யாரும் குறுக்கே போகவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்த தம்பி கத்திய கத்தலில், விரல் உடைந்தவன் கத்தியது யார் காதிலும் விழவில்லை. நான்காம் நாள் தம்பி இறந்துபோனான்.

இதையெல்லாம் மேனேஜர், வாசலிலிருந்து ஷெட்டுக்கு நடந்து போகும் வழியில், யார் வீட்டிலோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தார். கேட்டபடி பின்னால் நடந்தவளைத் தொழிற்சாலைகளில் ஊசிக்காரி என்பார்கள். நாற்பத்தாறு வயது. லேசர் கற்றையின் தரத்தை அளப்பது அவள் தொழில். அவளுடைய கருவிக்குள் ஒரு குழல் ஊசி அசுர வேகத்தில் சுற்றும். அதன் பக்கவாட்டில் முடியைவிடச் சன்னமான ஒரு துளை. எஃகையே தண்ணீராக உருக்கும் கற்றைக்குள் அந்த ஊசி புகுந்து புகுந்து வெளியே வந்து, எந்த உயரத்தில் எவ்வளவு அகலம், எங்கே சூடு அதிகம் என்று துளித் துளியாக எடுத்துக் கொடுக்கும். ஊசியால் வந்த பெயர் அது. வாயால் வந்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு.

"பாருங்க மேடம், நமக்கு ஒரே ஒரு ரிப்போர்ட் வேணும்," என்றார் மேனேஜர். "மெஷின் நல்லாத்தான் இருக்கு, ஆப்பரேட்டர்தான் ஃபோகஸைத் தப்பா வெச்சுட்டான்னு இருந்தா எல்லாருக்கும் நிம்மதி."

"எல்லாருக்கும்னா யார் யாருக்கு?"

"செத்தவன் வீட்டுக்கு, கம்பெனிக்கு..."

"ஆப்பரேட்டருக்கு?"

மேனேஜர் சிரித்துவைத்தார். பிறகு, அளக்கச் சொல்லி எழுதிக் கொடுத்ததே அந்த ஆப்பரேட்டர்தான் என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னார்.

ஷெட் வாசலில் ஃபிட்டர் நின்றிருந்தான். இறந்துபோனவனின் அண்ணன். ஆறடிக்குக் குறையாத ஆள். பத்தொன்பது நாள் தாடி. இடுப்புப் பட்டையில் ஒரு ஸ்பேனரும் சங்கிலியில் ஒரு சாவிக்கொத்தும் தொங்கின. "கொடுங்கம்மா, நான் தூக்கிட்டு வர்றேன்," என்று அவளுடைய இரண்டு பெட்டிகளையும் ஒரே கையில் வாங்கிக்கொண்டான். அவ்வளவு மரியாதை. மூன்றடி தள்ளி, மாவுக்கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற ஆப்பரேட்டரைக் கடக்கும்போது, நடையை நிறுத்தாமலே தோளால் ஒரு இடி இடித்தான். ஆப்பரேட்டர் சுவரில் மோதி அப்படியே சரிந்து உட்கார்ந்தான். எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். இது தினமும் நடப்பது என்று ஊசிக்காரிக்குப் புரிந்தது.

இயந்திரம் ஒரு சின்ன வீட்டின் அளவுக்கு இருந்தது. நான்கு பக்கமும் அடைத்த கூண்டு. உள்ளே நீண்ட மேசை. மேசைக்கு மேலே, கற்றையைக் குவிக்கும் லென்ஸ் உள்ளே இருக்க, தண்டவாளத்தில் ஓடும் வெட்டுத் தலை. கூண்டின் பக்கச் சுவர்களில் பச்சை பேனல்கள். எல்லாவற்றிலும் கீறலும் புகைக்கறையும். ஒன்று மட்டும் நேற்று வாங்கியதுபோலப் பளபளத்தது.

"இதை எப்ப மாத்துனீங்க?"

"போன வாரம்," என்றார் மேனேஜர்.

"அதுக்கு முன்னாடி?"

மேனேஜர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். ஆப்பரேட்டர்தான் பதில் சொன்னான். "அதுக்கு முன்னாடி வெறும் ஓட்டை மேடம். ட்ராலி இடிச்சு உடைஞ்சுபோச்சு. ஒன்பது நாள் அப்படியே ஓட்டச் சொன்னாங்க. அந்த ஓட்டை வழியாத்தான் உருகின இரும்பு தெறிச்சுது. தம்பி அந்தப் பக்கம் தகடு அடுக்கிக்கிட்டு இருந்தாரு. கழுத்துல விழுந்துது. உடுப்பெல்லாம் எண்ணெய். பிடிச்சுக்கிச்சு."

"வாயை மூடுடா," என்றான் ஃபிட்டர். "இரும்பு ஏன் தெறிச்சுது? அதைச் சொல்லு. நீ ஃபோகஸை மேல ஏத்தி வெச்ச. கீழ வரைக்கும் துளைக்காம மேல பொங்குச்சு."

"நான் மாத்தலண்ணே. அதே தகடு, அதே அளவு. நூறு தடவை வெட்டியிருக்கேன்."

ஃபிட்டர் அவனைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தான். ஊசிக்காரி நடுவில் ஒரு பெட்டியைத் தொப்பென்று வைத்தாள். "சண்டை போடறதா இருந்தா நான் கிளம்பறேன். என் கருவி உங்க ரெண்டு பேரையும்விட விலை."

அப்போதுதான் இறந்தவனின் மனைவி வந்தாள். அதே கம்பெனியில் தகடுகளின் ஓரம் தேய்க்கும் பிரிவில் வேலை. முப்பது வயதிருக்கும். முகத்தில் இரும்புத் தூள் படிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே மட்டும் இல்லை. "நானும் நிப்பேன்," என்றாள். மேனேஜர் அதெல்லாம் முடியாது என்று ஆரம்பிக்க, ஊசிக்காரி தன் பெட்டியிலிருந்து ஒரு பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். "இதைப் போட்டுக்கிட்டா நிக்கலாம். கழட்டக் கூடாது. அந்த வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது, ஆனா கண்ணைத் தின்னுடும்."

அவள் போட்டுக்கொண்டு ஃபிட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "மாமா, சாப்பிட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஃபிட்டர் தலையாட்டினான்.

ஊசிக்காரி மேசையின் மேல் கருவியை வைத்தாள். அதற்குக் கீழே, வந்து விழும் கற்றையை வாங்கிக்கொள்ள, உள்ளே தண்ணீர் ஓடும் செம்புப் பாத்திரம். விழுங்கி என்று அவளே வைத்த பெயர். எல்லாரையும் வெளியே நிறுத்திக் கூண்டைச் சாத்தி, வாசலை ஒட்டியிருந்த ஸ்டூலில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். முதலில் குறைந்த சக்தி. ஊசி சுற்றும் சத்தம் கொசுவின் ரீங்காரம்போல எழுந்தது. திரையில் கற்றையின் உருவம் வந்தது. மேலே அகலமாகத் தொடங்கி, இடுப்பு சிறுத்து, மறுபடி விரிந்தது. இடுப்பு இருக்கும் இடம்தான் ஃபோகஸ். அது இருக்க வேண்டிய இடத்தில் மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தது. தர எண் எட்டு. எண் எவ்வளவு சின்னதோ கற்றை அவ்வளவு நல்லது. இந்த அளவு இயந்திரத்துக்கு எட்டு என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம்.

"சரியா இருக்கா?" என்றான் ஃபிட்டர்.

"இதுவரைக்கும் சரி."

அவன் விட்ட மூச்சு எல்லாருக்கும் கேட்டது. திரும்பி, ஆப்பரேட்டரின் பிடரியில் பொத்தென்று ஒரு அடி போட்டான். "கேட்டியா? மெஷின்ல ஒண்ணும் இல்ல. உன் கைதான்டா. கொலைகாரப் பயலே." ஆப்பரேட்டரின் நெற்றி கூண்டுக் கதவில் மோதி, புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"இன்னொரு தடவை அவர்மேல கை வெச்சா அளக்கறதை நிறுத்திடுவேன்," என்றாள் ஊசிக்காரி. "நான் அளந்தது லென்ஸ் குளிர்ந்து இருக்கறப்ப. வேலை செய்யறப்ப அது சூடாகும். முழுச் சக்தி கொடுத்துச் சூடாக்கிட்டு அளக்கணும்."

"எதுக்கு? அதான் சரியா இருக்குன்னு சொல்லிட்டீங்களே. போதும்."

"போதும்னு நான்தான் சொல்லணும்."

முழுச் சக்தியில் விழுங்கிக்குள் தண்ணீர் உறுமியது. பத்து விநாடி சூடாக்கிவிட்டு ஊசியை இறக்கினாள். திரையில் வந்த உருவத்தைப் பார்த்து, நம்பாமல் இன்னொரு முறை அளந்தாள். மூன்றாவது முறையும் அளந்தாள். மூன்றும் ஒன்றையே சொல்லின. இடுப்பு ஏழு மில்லிமீட்டர் மேலே ஏறியிருந்தது. தர எண் பதினாறு. சிறுத்திருக்க வேண்டிய இடுப்பு கசங்கிப் பருத்து, ஒரு பக்கம் வால் விட்டிருந்தது. மெல்லிய தகட்டை வெட்ட இரண்டு மூன்று விநாடி போதும். அதற்குள் லென்ஸ் இவ்வளவு சூடாகாது. இரண்டரை சென்டிமீட்டர் தடிமனான தகட்டைத் துளைக்கத் தொடங்கினால், பாதியிலேயே கற்றை தன் பலத்தை இழக்கும். உருகிய இரும்புக்குக் கீழே வழி இருக்காது. மேலே பாயும்.

"ஆப்பரேட்டர் வெச்ச இடம் சரிதான்," என்றாள். "லென்ஸ்தான் சூடேறி இழுக்குது. நல்ல லென்ஸ் இப்படி இழுக்காது. கட்டிங் ஹெட்டை யாரு கடைசியாத் திறந்தது?"

ஆப்பரேட்டர் புருவத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "எங்களுக்கு அதைத் திறக்கவே முடியாது மேடம். சாவி அண்ணன்கிட்ட மட்டும்தான்."

இறந்தவனின் மனைவி திரும்பி ஃபிட்டரைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

ஊசிக்காரி கற்றையை நிறுத்தி, கதவைத் திறந்து, கருவியை எடுக்கக் கூண்டுக்குள் போனாள். பின்னாலேயே ஃபிட்டர் வந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. முதலில் முடிதான் பிடிபட்டது. கொத்தாகப் பிடித்து இழுத்துத் திருப்பி முகத்தில் ஒரு குத்து விட்டான். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து நாக்கில் புரண்டது. அவன் ஸ்பேனரை உருவிக் கருவியின்மேல் இறக்கினான். ஒரு அடி, இரண்டு அடி, ஐந்து அடி. ஊசி உடைந்து எங்கோ சிதறியது. தண்ணீர்க் குழாய் பிய்த்துக்கொண்டு, கொதிக்கும் நீர் இருவர் மேலும் பீறிட்டது.

"நம்பரை மாத்து," என்றான். "மாத்துடி!"

"அது போயாச்சு. ஒவ்வொரு தடவை அளக்கறப்பவும் எங்க ஆபீஸுக்குப் போயிடும்."

அவன் அவள் கழுத்தைப் பிடித்து மேசையின் பல்பல்லான கம்பிகளில் முகத்தை அழுத்தினான். கம்பிகள் கன்னத்தைக் கீறின. தலைக்கு மேலே இரண்டு கை உயரத்தில் வெட்டுத் தலை நின்றது. கதவு திறந்திருந்தால் கற்றை வராது; ஆனால் பழுது பார்ப்பவனுக்கென்று அந்தப் பூட்டை மீறும் சாவி ஒன்று உண்டு. அது அவன் சங்கிலியில் கிணுகிணுத்தது. அந்தச் சாவியை அவன் மறுகையால் எட்டிக் கதவு ஓரத்துப் பெட்டியில் செருகித் திருப்புவதை அவள் ஒரு கண்ணால் பார்த்தாள். அவன் மிரட்டத்தான் செய்தானா, கற்றையை விடும் பட்டனை அழுத்தியே விட்டிருப்பானா என்பது தனக்கே தெரியாது என்று பின்னாளில் கோர்ட்டில் சொன்னான்.

வெளியே மேனேஜர் ஓடிவிட்டிருந்தார். ஆப்பரேட்டர் ஓடவில்லை. எமர்ஜென்சி பட்டனை மாவுக்கட்டுக் கையாலேயே ஓங்கிக் குத்தினான். இயந்திரம் முழுக்க அடங்கியது. அதே கையோடு கூண்டுக்குள் பாய்ந்து ஃபிட்டரின் மூக்கில் அடித்தான். மாவுக்கட்டு வெடித்தது. ஃபிட்டர் அவனைத் தூக்கி எறிந்து, விழுந்தவனின் விலாவில் உதைத்தான், மறுபடி உதைத்தான். பிறகு குனிந்து, உடைந்த விரல்கள் இருந்த கையைத் தேடிப் பிடித்தான்.

விழுங்கியின் செம்பு மூடி ஊசிக்காரியின் கைக்கு எட்டியது. மூன்று கிலோ எடை. இரண்டு கையாலும் தூக்கி அவன் முதுகில் அடித்தாள். திரும்பினான். காதோரம் அடித்தாள். மரம் சாய்வதுபோல விழுந்தான். அவன் எழ முயலவில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தேதான் மூன்றாவது அடியை அவன் தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. நான்காவதுக்கு ஓங்கினாள்.

ஓங்கிய கையை இறந்தவனின் மனைவி பிடித்துக்கொண்டாள். "போதும்க்கா. செத்துட்டாருன்னா நான் யார்கிட்ட கேக்கறது?"

அவள் ஃபிட்டரின் தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பாதுகாப்புக் கண்ணாடியை இன்னும் கழற்றவில்லை. "மாமா, லென்ஸை மாத்துனீங்களா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"கேக்கறேன்ல. மாத்துனீங்களா?"

"துடைக்கறப்போ கை நழுவிடுச்சு," என்றான். வாயிலிருந்து ரத்தமும் பேச்சும் சேர்ந்து வந்தன. "விழுந்து உடைஞ்சுபோச்சு. புதுசு கேட்டா வர ரெண்டு வாரம், அதான் கேக்கவே இல்ல. இன்னொரு தடவை உன்னால மெஷின் நின்னா வாசலோட போயிடுன்னு மேனேஜர் சொல்லியிருந்தாரு. பழைய மெஷின் லென்ஸ் ஒண்ணு பெட்டியில கிடந்துது. அளவு சரியா உட்கார்ந்துச்சு. மூணு நாள் நல்லாத்தான் வெட்டுச்சு. அன்னைக்குத்தான் கனமான தகடு வெச்சாங்க."

"அவருக்குத் தெரியுமா?"

ஃபிட்டர் விசும்பினான்.

"என் புருஷனுக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

"அவன்தான் டார்ச் புடிச்சான். சொல்லிடலாம்ணே, சொல்லிடலாம்ணேன்னு ரெண்டு நாள் சொல்லிக்கிட்டே இருந்தான். நான்தான் திட்டி வாயை அடைச்சேன்."

அவள் அறைந்தாள். ஒரு அறை அல்ல. கை வலிக்கும்வரை, இரண்டு கையாலும் மாறி மாறி, அவன் முகத்தின் ரத்தம் அவள் முழங்கை வரை தெறிக்கும்படி அறைந்தாள். அவன் முகத்தைத் திருப்பவில்லை. ஊசிக்காரியும் ஆப்பரேட்டரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தடுக்க வேண்டும் என்று ஊசிக்காரிக்குத் தோன்றியது, தடுக்கவில்லை. கடைசியில் அவள் ஓய்ந்து, "நாலு நாளும் அவர் கட்டில்கிட்ட பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம உட்கார்ந்திருந்தீங்களே மாமா. அப்பவாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றாள். அதன் பிறகுதான் அழுதாள்.

காவலாளிகளோடு திரும்பி வந்த மேனேஜர், நிலைமையைப் புரிந்துகொள்ள அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஊசிக்காரியைத் தனியே ஓரம்கட்டி, வாய் துடைக்கத் தன் கைக்குட்டையை நீட்டினார். "நல்லவேளை மேடம், உண்மை வெளிய வந்துது. ஃபிட்டர் தப்புன்னு எழுதிடுங்க. அந்த பேனல் விஷயம்... அது லேசர் அளவுல வராதே. உங்களுக்கு எதுக்கு அது?"

அவள் உடைந்த பல்லைக் கைக்குட்டையில் துப்பி, மடித்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அன்று மாலை, முகம் ஒரு பக்கம் பூசணிக்காய்போல வீங்கியிருக்க, ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினாள். லென்ஸ், ஏழு மில்லிமீட்டர், எட்டு, பதினாறு. அடுத்த பத்தியில் பேனல் இல்லாத ஒன்பது நாட்கள். அதை யார் ஓட்டச் சொன்னார் என்பது.

போலீஸ் அதிகாரி அங்கேயே வந்து வாக்குமூலம் வாங்கினார். நல்ல மனிதர். பேச முடியாமல் அவள் திணறியபோதெல்லாம் அவரே வாக்கியத்தை முடித்துக் கொடுத்தார். "உயிரைக் காப்பாத்திக்க ரெண்டு அடி அடிச்சீங்க. அவ்வளவுதானே?"

"ஆமா," என்றாள். கையெழுத்தும் போட்டாள்.

அவர் போய்விட்டார். ஊசிக்காரியின் கணவன் வண்டி எடுத்துக்கொண்டு வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கப் போனான். "கொஞ்சம் இரு," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கி ஓடினாள். அதிகாரி ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்.

"சார், மூணு அடி. மூணாவது, அவர் விழுந்தப்புறம். தோள் எலும்பு உடைஞ்சது அதுலதான்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எழுதி முடிச்சாச்சு மேடம். உங்களுக்கு நல்லதாத்தான் எழுதியிருக்கேன். அதை எதுக்கு இப்ப கெடுத்துக்கறீங்க?"

"நான் சொன்னது தப்பான எண்ணிக்கை சார். நாலாவதுக்கும் ஓங்கினேன். அந்தப் பொண்ணு புடிச்சுக்கிட்டதால அடிக்கல."

கணவன் பின்னால் வந்து நின்றுகொண்டு, "ஏய், உனக்குப் பைத்தியமா?" என்றான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரி பெருமூச்சு விட்டுத் தொப்பியைக் கழற்றி வைத்து, காகிதத்தை மறுபடி எடுத்தார்.

வழக்கு பதினான்கு மாதம் நடந்தது. ஃபிட்டருக்கு ஐந்து வருடம். மேனேஜருக்கு இரண்டு, அவர் மேல்முறையீடு செய்தார். மூன்றாவது அடிக்காக ஊசிக்காரியை நீதிபதி நிற்க வைத்துக் கண்டித்து, எச்சரித்து அனுப்பினார். இறந்தவனின் மனைவி ஃபிட்டருக்கு எதிராக எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மருத்துவமனையில் பட்டினி கிடந்ததையும் யாரும் கேட்காமலே சொன்னாள். தீர்ப்பு அன்று அவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது, கூட்டத்தில் இருந்த ஆப்பரேட்டரைப் பார்த்து அவன் ஒரு கணம் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆப்பரேட்டர் தன் வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெளியே வந்து மூவரும் ஒரு டீக்கடையில் நின்றார்கள். ஆப்பரேட்டர் கிளாஸை இடது கையில் வாங்கினான். "வலிக்குதா இன்னும்?" என்று கேட்டாள் இறந்தவனின் மனைவி.

"குளிருக்கு வலிக்கும்," என்றான்.

"எனக்கும் இந்தப் பக்கப் பல்லு," என்றாள் ஊசிக்காரி. டீயை ஊதி ஊதி, மறுபக்கமாகக் குடித்தாள்.